ஐந்து திரி வாங்கிய சாமுராய்

தொம்!

உலகத் திரைப்பட ரசனையின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் அதை இனிமேல் இரண்டாகப் பிரித்தாக வேண்டும்: அந்த ஓசைக்கு முன், அந்த ஓசைக்குப் பின். ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில், எங்கள் அலுவலகத்தின் பழைய மரத்தரை அதிர, காகிதக் கட்டுகள் வந்து இறங்கிய ஓசை அது. கீழே ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் கூரையைப் பார்த்து ஹொக்கியன் சீனத்தில் உரக்க ஏதோ சொன்னார். வாழ்த்தாகத்தான் இருக்கும்.

வந்து இறங்கியது எங்கள் மலர். சிங்கப்பூர்த் தமிழர் உலகத் திரைப்பட உயர்ரசனை மன்றம், 'கருநாரைக் கோட்டை' என்னும் ஜப்பானிய சாமுராய்க் காவியம் புளூ-ரே வட்டாக வெளிவந்ததைப் பாராட்டி வெளியிடும் 'பார்வையாளர் கருத்து மலர்'. மற்ற ஊர்களில் படம் பார்த்தவர்கள் கைபேசியில் இரண்டு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அதையெல்லாம் மன்றம் கருத்தாகக் கொள்வதில்லை. வழவழப்பான தாளில், சொன்னவரின் கோட்டு போட்ட புகைப்படத்தோடு வந்தால்தான் அது கருத்து. நட்சத்திரம் கொடுப்பதும் மேலைநாட்டு வழக்கம் என்பதால் நாங்கள் கொடுப்பதில்லை. குத்துவிளக்கில் ஐந்து முகம். ஆகவே, சிறந்த படத்துக்கு ஐந்து திரி.

'கருநாரைக் கோட்டை' ஐந்து திரியும் வாங்கிய படம். மலரின் அட்டையில் பொன்னிற எழுத்துகள் மின்னின: 'ஜின்பெய் இறந்தான், விசுவாசம் பிறந்தது!'

அந்த வரியை எழுதியவர் எங்கள் தலைவர் கோவிந்தராசு. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்ட செயல். ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் ரைஸ் குக்கர் விற்றவர். அதனால் ஜப்பானிய மொழி, வரலாறு, தத்துவம் மூன்றிலும் மன்றத்துக்கு அவரே அதிகாரி. யாராவது சந்தேகம் கேட்டால் "ஹை!" என்று குனிந்து நிமிர்வார். சந்தேகம் தீர்ந்துவிடும்.

படத்தை நாங்கள் பார்த்தது பொங்கோலில், தலைவரின் வீட்டு வரவேற்பறையில். அங்கே சன்னல் வழியாக நீரோடை அழகாகத் தெரியும். தொலைக்காட்சி வாங்கிய பிறகு தெரிவதில்லை. அவ்வளவு பெரிய தொலைக்காட்சி. செயற்குழுவும் முக்கிய உறுப்பினர்களும் சோபாவிலும் பாயிலும் அமர்ந்தோம். செயலாளர் என்ற முறையில் ரிமோட்டைப் பிடித்திருக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது; அழுத்தும் அதிகாரம் தலைவரிடம் இருந்தது.

கதை இதுதான். கருநாரைக் கோட்டையின் அதிபதி ஒகுரா பிரபு. ஆற்றில் வெள்ளம், இறங்க வேண்டாம் என்று எல்லோரும் கெஞ்சியும் கேளாமல், படையை இறங்கச் சொல்கிறார். பாதிப் படை முழுகிப்போகிறது. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "தவறான கட்டளை கொடுத்தது யார்?" என்று பிரபு சபையில் கேட்கிறார். எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். அவருடைய நம்பிக்கைக்குரிய வீரன் ஜின்பெய், "நான்தான்" என்கிறான். வெளியே பனி கொட்டுகிறது. ஜின்பெய் வெள்ளை உடையில் வந்து மண்டியிடுகிறான். அவன் முன்னால் ஒரு தட்டில் குறுவாளை வைக்கிறார்கள். அவன் குனிந்து அதைக் கையில் எடுக்கிறான். திரை இருள்கிறது. கறுப்பில் வெள்ளையாக இரண்டே இரண்டு ஜப்பானிய எழுத்துகள்.



"தலைவரே, அது என்ன எழுத்து?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"'வணக்கம்'னு போட்டிருக்கான்," என்றார் தலைவர். "நம்ம படத்துல கடைசியில போடுவாங்கள்ல, அதே பண்பாடு. இங்கேருந்துதான் அங்க போச்சு."

கைதட்டினோம். பிடோக்கிலிருந்து வந்திருந்த பஞ்சவர்ணம் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவரின் துணைவியார் சந்திரமதி அம்மாள், "பிரியாணி ஆறுது, எழுந்து வாங்க," என்றார். சாமுராயின் தியாகத்தால் கனத்திருந்த நெஞ்சங்கள் மேசையை நோக்கி நகர்ந்தன.

நகராமல் நின்றவர் ஒரே ஒரு பெண்மணிதான். இணைச் செயலாளர் யோகம். படத்தின் பெட்டியைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தலைவர், இதுக்குள்ள இன்னொரு டிஸ்க் கிடக்குது."

"அது எக்ஸ்ட்ரா லா, யோகம். எப்படி எடுத்தாங்க, பேட்டி, அது இதுன்னு போட்டிருப்பான். யாரும் பார்க்க மாட்டாங்க. ஆட்டுக்கால் இருக்கு, போய் எடுங்க."

யோகம் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வீட்டுப் பத்திரங்களைப் பார்க்கிறவர். எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவரிடம் உள்ள குறை அது ஒன்றுதான். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் குடும்பத்தின் யாழ்ப்பாணப் பேச்சு அவர் நாக்கை விட்டு இறங்கவில்லை. மண்டபம் பிடிப்பது, நாற்காலி சொல்வது, விருந்தினரை அழைப்பது, மலர் தொகுப்பது எல்லாம் அவர். மன்றத்தின் வேலைகளை அவர் செய்துவிடுவதால் நாங்கள் மன்றத்தின் நோக்கங்களைக் கவனிக்க முடிந்தது.

யோகத்துக்கு ஓர் ஆசை இருந்தது. தலைவராக வேண்டும். அதை மறைக்கவும் இல்லை. "நான் வந்தால் படத்தை முழுக்கப் போடுவன், பேச்சைக் குறைப்பன்" என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். மன்றத்தின் அடித்தளத்தையே அசைக்கக்கூடிய திட்டம். ஆனாலும் தலைவர் பெருந்தன்மையானவர். ஒவ்வோர் ஆண்டும் "அடுத்த ஆண்டு நீங்கதான்" என்று சொல்லிவந்தவர், இந்த முறை சந்திரமதி அம்மாள் முன்னிலையில், வரும் பொதுக்கூட்டத்தில் யோகத்தின் பெயரைத் தாமே முன்மொழிவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மனைவி முன் சொன்னதால் மாற்ற வழியில்லை. தாம் 'நிரந்தரப் புரவலர்' என்னும் எளிய பதவிக்கு ஒதுங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

அந்த உற்சாகத்தில் யோகம் மலரைத் தொகுத்தார். கருத்துகள் குவிந்தன. ஒன்றிரண்டையாவது இங்கே தராவிட்டால் வாசகர்களுக்குத்தான் நட்டம்.

பஞ்சவர்ணம், பிடோக்: 'எசமானுக்காக உயிரையே கொடுக்கிறான் ஜின்பெய். என் மருமகள் இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.'

ஜெய், கணினித்துறை: 'வாளை உறையிலிருந்து உருவும் ஓசை என் புதிய ஒலிபெருக்கியில் அறை முழுவதும் சுற்றி வந்தது. கதையும் உண்டு.'

அடியேன்: 'சாவைக் காட்டாமல் சரியான இடத்தில் முடித்த இயக்குநரின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். நம் ஆட்கள் எடுத்திருந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம் இழுத்திருப்பார்கள்.'

தலைவர் அட்டைக்கு வரி கொடுத்தபோது யோகம் ஒரு கேள்வி கேட்டது உண்மை. நான் அப்போது அருகில்தான் இருந்தேன்.

"செத்ததைக் காட்டேல்லையே, தலைவர்? கத்தியை எடுத்ததைத்தானே காட்டினவை?"

"உலகப் படத்துல காட்ட மாட்டாங்க, யோகம். நாமதான் புரிஞ்சுக்கணும். போடுங்க."

போட்டார். பொன்னெழுத்தில்.

மலர்க் கட்டுகள் இறங்கிய தூசி அடங்குவதற்குள் என் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் வெளியீட்டு விழாவின் சிறப்பு விருந்தினர், திருமதி நகாயாமா. ஜப்பானியர். மதுரையில் தங்கித் தமிழ் படித்தவர். அவருடைய தமிழ் எங்கள் தமிழைவிடச் சுத்தமானது என்பதால் அவரோடு சுருக்கமாகப் பேசுவதே எங்கள் வழக்கம். அச்சகத்திலிருந்து ஒரு பிரதி முன்னதாகவே அவருக்குப் போயிருந்தது.

"செயலாளர் ஐயா, மலர் கிடைத்தது. மிகவும் அழகாக உள்ளது. எனக்கு ஒரு சிறிய ஐயம். ஜின்பெய் எப்போது இறந்தார்?"

"கடைசியிலங்க மேடம்."

"கடைசியில் அவர் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஐயா. இரண்டாம் பாகம் முழுவதும் அவர்தான் இருக்கிறார். திரையில் இரண்டு எழுத்துகள் வருமே, அந்த இடைவேளை வரைதான் பார்த்தீர்களா?"

'இடைவேளை' என்ற சொல்லை அவர் மிகத் தெளிவாக உச்சரித்தார். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி அலைபேசியை வைத்தேன்.

அன்று மாலையே அவசரச் செயற்குழு கூடியது. பிளாஸ்டிக் பையில் நுரை பொங்க ஆற்றிய தேநீர், தே தாரே, வந்தது. தலைவர் உறிஞ்சுகுழாயை வாயில் வைத்தபடி நிலைமையை ஆராய்ந்தார்.

"ஜப்பான்காரங்களுக்கே அவங்க படம் புரியலன்னா நாம என்ன லா பண்றது?"

"சார், சிம்பிள். ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாம்," என்றார் ஜெய். "'இறந்தான்' மேல 'இறக்கவில்லை'ன்னு."

"அப்ப விசுவாசம்?" என்று கேட்டார் பஞ்சவர்ணம் அம்மாள். "அவன் சாகலன்னா அது எப்படிப் பொறந்திருக்கும்? அதுக்கும் ஒரு ஸ்டிக்கரா? அதுக்குப் பேசாம அந்த அம்மாவ மாத்திடுங்க. வேற ஜப்பான்காரங்க யாரும் இல்லையா?"

"இல்லாட்டி ரெண்டாவது டிஸ்க்கப் போட்டுப் பார்த்துடலாமே, சார்?" என்றார் ஜெய்.

 அனுபவம் இல்லாத வயதில் இப்படித்தான் பேசத் தோன்றும். தலைவர் பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, இப்ப பார்த்தா, அப்ப பார்க்கலன்னு ஆயிடும்."

நிர்வாகவியல் கற்பவர்கள் பொறித்து வைக்க வேண்டிய வாசகம் அது. நான் உடனே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினேன்.

தலைவர் எழுந்து சன்னலோரம் நடந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு கோட்டையே இருந்தது.

"இந்த மாதிரி நேரத்துல ஒகுரா பிரபு என்ன செஞ்சாரு?"

"ஆத்தில இறங்கச் சொன்னவர்," என்றார் யோகம்.

"அது முன்னாடி. அப்புறம் என்ன செஞ்சாரு? பொறுப்ப ஒரு நல்ல ஆள்கிட்ட ஒப்படைச்சாரு." தலைவரின் குரல் கனிந்தது. "மலர்ப் பொறுப்பாளர் யாரு? நீங்க. மேடையில ரெண்டு நிமிஷம். 'தப்பு என்னுது, மன்னிச்சிருங்க'ன்னு சொல்லிட்டா அந்த அம்மாவும் சமாதானம் ஆயிடுவாங்க."

"தலைவர், அந்த வரி நீங்கள் எழுதினது. நான் கேட்டனான். நீங்கள்தான் போடச் சொன்னனீங்கள்." யோகம் என் பக்கம் திரும்பினார். "செக்ரட்டரி, நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள்தானே?"

நடவடிக்கைக் குறிப்பு எழுதும்போது செயலாளர் தலை நிமிரக் கூடாது என்பது பொதுவான விதி. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"எழுதினது யாருங்கிறது முக்கியம் இல்ல, யோகம். ஏத்துக்கிறது யாருங்கிறதுதான் முக்கியம்," என்றார் தலைவர். "தலைவர் மன்னிப்புக் கேட்டா மன்றமே குனிஞ்ச மாதிரி. நீங்க கேட்டா நீங்க மட்டும்தான். அப்புறம், அடுத்த மாசம் உங்க பேர முன்மொழியப் போறது யாரு? நான்தானே? பார்த்துக்கலாம் லா."

அதாவது, மன்னிப்புக் கேட்டால் 'தப்பு செய்தவர்' என்று உறுப்பினர்கள் யோகத்துக்கு வாக்களிக்க மாட்டார்கள். கேட்காவிட்டால் தலைவர் முன்மொழிய மாட்டார். எந்தப் பக்கம் போனாலும் சமமான நீதி. இவ்வளவு நடுநிலையான ஏற்பாட்டை நான் வேறு எந்த அமைப்பிலும் கண்டதில்லை.

பஞ்சவர்ணம் அம்மாள் யோகத்தின் தோளைத் தொட்டார். "யோகம், உங்களப் பார்த்தா எனக்கு ஜின்பெய்யப் பார்க்கிற மாதிரியே இருக்கு."

 யோகம் தலைவரிடம் கையை நீட்டினார்.

"அந்த ரெண்டாவது டிஸ்க்கைத் தாங்கோ. முழுக்கப் பார்க்காமல் நான் எதையும் ஏற்கிறேல்லை."

தலைவர் சிரித்தபடி பெட்டியைக் கொடுத்தார். "தாராளமா. எக்ஸ்ட்ராதான்."

மன்னிப்புரை எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது. 'மலர்ப் பொறுப்பாளராகிய எனது கவனக்குறைவாலும், உலகக் காவியங்கள் குறித்த எனது புரிதல் குறைவாலும், மாண்புமிகு தலைவர் அவர்களின் சீரிய வழிகாட்டலை மீறியும்' என்று தொடங்கி ஒரு பக்கம். கீழே அவர் கையெழுத்திட இடம் விட்டிருந்தேன். இலக்கியத் தரம் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை. சிராங்கூன் சாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கில் ஐந்து திரி. மேடையில் தலைவர், திருமதி நகாயாமா, நான், யோகம். யோகம் வெள்ளைப் புடவையில் வந்திருந்தார். ஒரு சரிகைக்கோடுகூட இல்லாத முழு வெள்ளை.

தலைவர் திருமதி நகாயாமாவின் நாற்காலிக்குப் பின்னால் என் காதருகே சாய்ந்தார். "பாருங்க செக்ரட்டரி. உடுப்பே சொல்லுது. தயாராத்தான் வந்திருக்காங்க."

தலைவரின் உரை விசுவாசத்தைப் பற்றியது. ஓர் அமைப்பு உயர்வது உண்மையால் அல்ல, விசுவாசத்தால் என்றார். சாமுராய்கள் நம்முடைய தூரத்து உறவினர் என்றார். ரைஸ் குக்கரில் தண்ணீர் அளவை மீறினால் என்ன ஆகும் என்பதையும் தொட்டுச் சென்றார். முடிவில், "இப்ப நம்ம இணைச் செயலாளர், மலரைப் பத்தி ஒரு சின்ன விளக்கம் தருவாங்க" என்று அறிவித்து அமர்ந்தார்.

பொன்னாடைகளைச் சுமந்துவரும் வெள்ளித்தட்டில் மன்னிப்புரையையும் ஒரு பேனாவையும் வைத்து நானே எடுத்துச் சென்றேன். மேசையில், யோகத்தின் முன்னால் வைத்தேன். எல்லாமே ஒரு காவியத்துக்கு உரிய ஒழுங்கோடு நடந்தன.

யோகம் தாளைக் கையில் எடுத்தார்.  முன்வரிசையில் பஞ்சவர்ணம் அம்மாள் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டார். யோகம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மௌனமாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு தாளை மடித்து, தட்டிலேயே திரும்ப வைத்தார். பேனாவை அதன் மேல் நேராக வைத்தார். இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்து, மேசையின் மேல் மெதுவாக நகர்த்தினார். என்னைத் தாண்டி, திருமதி நகாயாமாவைத் தாண்டி, தலைவரின் முன்னால் போய் நின்றது தட்டு.

யோகம் தம் இடத்துக்குத் திரும்பி, தலைவரை நோக்கி, ஜப்பானிய முறைப்படி, இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தார்.

திருமதி நகாயாமா துள்ளி எழுந்தார்.

"அடடா! இரண்டாம் பாகத்தின் முதல் காட்சி! குறுவாள், தட்டு, பிரபு! அப்படியே செய்துவிட்டீர்கள்!"

சொல்லிவிட்டுக் கைதட்டினார். சிறப்பு விருந்தினர் கைதட்டினால் சபையும் கைதட்டுவது எங்கள் மரபு. சபை தட்டியது. எதற்கென்று தெரியாததால் இன்னும் பலமாகவே தட்டியது. பஞ்சவர்ணம் அம்மாள் எழுந்து நின்று தட்டினார். தலைவரும் பழக்கத்தால் எழுந்து, கைகூப்பி, நாலாபக்கமும் வணங்கினார். பிறகுதான் தட்டைப் பார்த்தார்.

கைதட்டல் ஓய்ந்தது. தலைவர் தம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு யோகத்தின் பக்கம் எட்டிக் குனிந்தார். ஆனால் மூடியது அணைத்திருந்த மைக்கை; யோகத்தின் முன்னால் இருந்தது திறந்திருந்தது.

"என்ன யோகம் இது? பேசினபடி படிங்க. ஜின்பெய் மாதிரி இருப்பீங்கன்னு நம்பித்தானே உங்களத் தலைவராக்குறேன்னு சொன்னேன்?"

தலைவர் கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. யோகம் தம் மைக்கைச் சற்று அருகே இழுத்துக்கொண்டார்.

"மன்னிக்கோணும், தலைவர். நான் ரெண்டாவது டிஸ்க்கும் பார்த்திட்டன். ஆத்தில இறங்கச் சொன்னது ஆர் எண்டு ஜின்பெய் அதிலதான் பிரபுவைக் கேக்கிறான்."